பத்துப் பாடல்களின் கணக்கு

ஒரு கவிஞர் முப்பது ஆண்டுகளில் எழுதிய எட்டுத் தொகுதிகளும் கடையின் பின்னலமாரியில் தூசி படிந்து கிடக்க, யாரோ ஒரு பதிப்பாசிரியர் தெரிவு செய்த 'தேர்ந்தெடுத்த கவிதைகள்' மட்டும் பதிப்புக்குப் பதிப்பு விற்றுக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கவிஞருக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. இசைத்தட்டு வணிகத்தில் இதே கதை நடந்திருக்கிறது, அங்கே பிரதிகளின் எண்ணிக்கை கோடிகளில்.

1976 பிப்ரவரி 17 அன்று அசைலம் என்னும் அமெரிக்க நிறுவனம் ஈகிள்ஸ் இசைக்குழுவின் பத்துப் பழைய பாடல்களை ஒரே தட்டில் சேர்த்து வெளியிட்டது. 'அவர்களுடைய மிகச் சிறந்த வெற்றிப் பாடல்கள், 1971–1975' என்று பொருள்படும் தலைப்பு. புதிய பாடல் ஒன்றுகூட இல்லை. ஈகிள்ஸ் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வும் இதில் இல்லை, அது அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. தன் மிகப் புகழ்பெற்ற பாடல் இடம்பெறாத ஒரு தொகுப்பு, அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் மிக அதிகம் விற்ற தட்டு என்று 1999-இல் அத்தொழிலின் சங்கத்தாலேயே அறிவிக்கப்பட்டது. நாம் இங்கே பேச விரும்புவது இந்த வினோதத்தைப் பற்றித்தான்.

'வெற்றிப் பாடல்கள்' தொகுப்பு என்னும் வடிவத்தைத் தொடங்கிவைத்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1958-இல் வந்த ஜானி மாத்திஸின் தட்டு. அது பில்போர்ட் இதழின் விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 490 வாரங்கள் இருந்தது, அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த நிறுவனம் சும்மா இருக்கும்? ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை இல்லை, வாத்தியக்காரருக்குக் கூலி இல்லை, பாடல் எடுபடுமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் அறுபதுகளின் பிற்பகுதியில் ராக் இசையில் வேறொரு கருத்து வேரூன்றியது. ஆல்பம் என்பது பாடல்களின் மூட்டை அன்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்கவேண்டிய முழுமையான படைப்பு என்ற கருத்து அது. நாவலுக்குரிய மரியாதையை ஆல்பம் கோரத் தொடங்கியது. அந்த மரியாதைக்கு எதிரே, தொகுப்புத் தட்டு கோனார் நோட்ஸ் போல நின்றது.

ஈகிள்ஸ் குழுவினருக்கு அந்த மரியாதையின்மேல் மிகுந்த ஆசை இருந்தது. க்ளென் ஃப்ரை, டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் ஆகிய நால்வரும் 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸில் லிண்டா ரான்ஸ்டாட்டின் பின்னணிக் கலைஞர்களாகப் பழகியவர்கள். லண்டனில் க்ளின் ஜான்ஸின் மேற்பார்வையில் பதிவான முதல் தட்டு 1972-இல் வந்தது, மூன்று பாடல்கள் நன்றாக ஓடின. அடுத்த ஆண்டு, வெற்றி கண்ட வழியிலேயே செல்லாமல், பழைய மேற்கமெரிக்கக் கொள்ளையரைப் பற்றி ஒரு கதைத்தொடர் போல 'டெஸ்பராடோ'வை அமைத்தார்கள். கொள்ளையர் வாழ்க்கைக்கும் ராக் பாடகர் வாழ்க்கைக்கும் இடையே ஓர் ஒப்புமையை அந்தத் தட்டு தேடுகிறது. அட்டைப்படத்தில் துப்பாக்கியும் தோட்டாப் பட்டையுமாக அவர்களே வேடமிட்டு நின்றார்கள். (வேடம் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது வேறு விஷயம்.) பட்டியலில் 41-ஆம் இடத்தோடு அது நின்றுபோயிற்று. ஒரு பாடல்கூட முதல் நாற்பதுக்குள் வரவில்லை.

பிறகு வழி திரும்பியது. 1974-இல் மூன்றாவது தட்டின் நடுவிலேயே க்ளின் ஜான்ஸை விட்டு பில் சிம்சிக்கிடம் சென்றார்கள். டான் ஃபெல்டரின் கிட்டார் சேர்ந்ததும் நாட்டுப்புறச் சாயல் குறைந்து ராக்கின் அழுத்தம் கூடியது. 1975-இல் இரண்டு பாடல்கள் முதலிடத்தைத் தொட்டன. அந்த ஆண்டின் முடிவில், அழுத்தம் கூடியதில் விருப்பமில்லாத லெடன் விலகினார், ஜோ வால்ஷ் உள்ளே வந்தார். ஒரு குழு முடிந்து, அதே பெயரில் இன்னொரு குழு தொடங்கவிருந்த அந்தச் சந்தியில்தான் நிறுவனம் தன் தொகுப்பைக் கொண்டுவந்தது. கடையில் புதுச் சரக்கு இல்லாத காலத்தை நிரப்பும் ஏற்பாடு என்று மட்டுமே அன்று அது தோன்றியிருக்கும். லெடனின் பழைய குழுவுக்கு அதுவே முழுமையான நினைவுக்கல்லாகவும் அமைந்துவிட்டது.

இனித் தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பக்கத்துக்கு ஐந்து பாடல்கள், மொத்தம் 43 நிமிடங்கள். முதலில் தலைப்பே பொய். குழு 1971-இல் உருவானது என்பதைத் தவிர, அந்த ஆண்டில் வெளிவந்த பாடல் எதுவும் இதில் கிடையாது. வெற்றிப் பாடல்கள் என்பதும் முழு உண்மையன்று. பத்தில் எட்டுப் பாடல்கள்தாம் முதல் நாற்பதுக்குள் வந்தவை. 'டெகீலா சன்ரைஸ்' 64-ஆம் இடத்தோடு அடங்கியது. 'டெஸ்பராடோ' என்னும் தலைப்புப் பாடலை அவர்கள் தனித்தட்டாக வெளியிட்டதே இல்லை. 1973-இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடிய பிறகே அது பலருடைய காதில் விழுந்தது. அப்படியிருக்க, தோல்வியடைந்த தட்டின் இரண்டு பாடல்களை வெற்றிப் பாடல்கள் என்ற தலைப்பின்கீழ் வைத்ததன் மூலம் அவற்றை வெற்றிப் பாடல்களாக்கியது இந்தத் தொகுப்பு. இன்று அந்த இரண்டும் ஈகிள்ஸின் அடையாளப் பாடல்கள்.

வரிசையும் கவனிக்கத்தக்கது. காலமுறை பார்க்காமல், 1975-இன் பளபளப்பான பாடலுக்குப் பக்கத்திலேயே 1973-இன் எளிய கிட்டார் பாடலை வைத்திருக்கிறார்கள். நான்கு தட்டுகளின் தடுமாற்றங்கள், இரண்டு தயாரிப்பாளர்களின் பூசல், திசைமாற்றம் எல்லாம் இந்த வரிசையில் கரைந்துபோகின்றன. என்றும் இப்படியே, இதே நிதானத்தோடு பாடிக்கொண்டிருந்த ஒரு குழு நம் காதில் உருவாகிறது. அப்படி ஒரு குழு உண்மையில் இருந்ததில்லை. நம் தொகை நூல்களில் தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் ஒருவர் என்று இருவர் பெயரையும் சொல்லும் வழக்கம் உண்டு. பாடியவரின் உலகத்தை நாம் தொகுத்தவரின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம் என்ற ஒப்புதல் அதில் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

ஹென்லிக்கு இத்தொகுப்பு உவப்பானதாக இல்லை. நிறுவனத்துக்குக் காலாண்டுக் கணக்கே பெரிதாக இருந்தது என்றும், கதைத்தொடரின் பகுதியாக எழுதிய பாடல்களைத் தனியே பிய்த்தெடுத்தது சரியில்லை என்றும் அவர் பிற்பாடு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்து நியாயம் பாதிதான் என்பது எங்கள் எண்ணம். 'டெஸ்பராடோ'வை முழுத்தட்டாகக் கேட்டவர்கள், கொள்ளையர் கதை சில பாடல்களுக்குள் தளர்ந்துபோவதையும் தலைப்புப் பாடல் அந்தக் கதையின் தயவில்லாமலே நிற்பதையும் உணர்வார்கள். அந்தப் பாடலைப் பொறுத்தவரை தொகுத்தவரின் காது படைத்தவரின் காதைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதன் பின் மூலத் தட்டைத் தேடிப் போனவர்கள் மிகச் சிலர் என்பதும் உண்மை. ஹென்லியின் வருத்தத்துக்கு அங்கே இடமிருக்கிறது.

தட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைவிட முக்கியமான ஒரு தற்செயலும் நேர்ந்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958 முதல் தங்கச் சான்று வழங்கிவந்தது. 1976-இல் பத்து லட்சம் பிரதிகளுக்குப் பிளாட்டினம் என்ற புதிய சான்றைக் கொண்டுவந்தது. அதை முதலில் பெற்ற ஆல்பம் இதுதான், வெளிவந்த அதே பிப்ரவரியில். சான்றும் தட்டும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வளர்ந்தன.

இந்தச் சான்றின் உள்முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியதை இது அளப்பதில்லை. நிறுவனம் கடைகளுக்கு அனுப்பி, திரும்பி வந்தவை போக நின்றதையே அளக்கிறது. அஞ்சல் வழி இசைத்தட்டுக் கழகங்களின் மூலம் போனதும் சேர்த்தி. இரட்டைத் தட்டு என்றால் ஒரு தொகுப்பை இரண்டாக எண்ணுவார்கள், பில்லி ஜோயலின் இரட்டைத் தொகுப்பு 23 மடங்கு பிளாட்டினம் ஆனது அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனம் விண்ணப்பித்துக் கணக்கைத் தணிக்கைக்கு வைத்தால்தான் சான்று கிடைக்கும். ஈகிள்ஸ் தொகுப்பு 1990-இல் 12 மடங்கு, 1995-இல் 22 மடங்கு, 1999-இல் 26 மடங்கு என்று ஏறியது. ஐந்தே ஆண்டில் ஒரு கோடி பேர் கடைக்கு ஓடினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பழைய பேரேடுகளை யாரோ சிரத்தையோடு திறந்து பார்த்ததும் இந்த எண்ணில் இருக்கும்.

இருந்தாலும் வெறும் பேரேட்டால் கோடிகள் வந்துவிடா. குழு 1980-இல் பிரிந்தது, பதினான்கு ஆண்டுகள் ஒன்றுசேரவில்லை. அந்த இடைவெளிதான் தொகுப்பின் பொற்காலம் என்பது எங்கள் கணிப்பு. எண்பதுகளில் பழைய ராக் பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் அமெரிக்கா முழுவதும் முளைத்தன. நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் செல்பவர் காதில் இந்தப் பத்தில் ஒன்று அன்றாடம் விழுந்தது. அதே காலத்தில் குறுந்தகடு வந்தது. கறுப்புத் தட்டை வைத்திருந்தவர்கள், பிறகு ஒலிநாடாவை வாங்கியவர்கள், மூன்றாம் முறையாகக் குறுந்தகடும் வாங்கினார்கள். ஒரு குழுவின் ஒரே ஒரு தகடு போதும் என்று நினைக்கும் எளிய வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் இதுவே. 1993-இல் நாட்டுப்புறப் பாடகர்கள் ஒன்றுகூடி ஈகிள்ஸ் பாடல்களைப் பாடிய தட்டு பெருவெற்றி பெற்றது, மறு ஆண்டே குழு மீண்டும் மேடையேறியது. இத்தனை எங்கும் நிறைந்திருப்பது வெறுப்பையும் வளர்க்கும். 1998-இல் வந்த கோயன் சகோதரர்களின் 'தி பிக் லெபாவ்ஸ்கி' திரைப்படத்தில் வாடகைக் காரில் ஈகிள்ஸ் பாடல் ஒலிப்பதைத் தாங்கமாட்டாமல் கதாநாயகன் முறையிட, ஓட்டுநர் அவனை நடுச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கே ஒலிப்பதும் இந்தப் பத்தில் ஒன்றுதான்.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' நெடுநாள் போட்டியாளர். 2009-இல் ஜாக்சன் மறைந்த பின் அது 29 மடங்கை எட்டி ஈகிள்ஸுக்குச் சமமாக வந்தது, பின்னர் தாண்டியும் சென்றது. 2016-இல் சங்கம் விதியை மாற்றியது. இணையத்தில் 1500 முறை ஒலித்தால் ஓர் ஆல்பம், பத்துப் பாடல்கள் தரவிறக்கப்பட்டால் ஓர் ஆல்பம். 2018 ஆகஸ்டில் புதிய கணக்கு வைக்கப்பட்டபோது ஈகிள்ஸ் தொகுப்பு 38 மடங்கு, 'த்ரில்லர்' 33 மடங்கு. இது அமெரிக்கக் கணக்கு மட்டுமே, உலகக் கணக்கில் ஜாக்சனை நெருங்குவோர் இல்லை. ஒலித்தவற்றையும் விற்றவற்றையும் ஒரே தராசில் போட்ட பிறகு, 38 என்பது எதன் எண் என்ற கேள்வி நமக்கு எழத்தான் செய்கிறது. 1976-இல் கடைக்குப் போய் ஒரு தட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவரும், பின்னணியில் ஏதோ ஒலிக்கட்டும் என்று கைப்பேசியைத் தட்டியவரும் அதில் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

க்ளென் ஃப்ரை 2016 ஜனவரியில் காலமானார். அந்த ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில், பண்பாட்டு முக்கியத்துவம் கருதிப் பாதுகாக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தத் தொகுப்பைச் சேர்த்தது. கோனார் நோட்ஸுக்கு ஆவணக் காப்பகத்தில் இடம் கிடைத்த மாதிரி.

2003-இல் ஈகிள்ஸின் வாழ்வு முழுவதையும் தழுவிய இன்னொரு தொகுப்பு வெளிவந்திருந்தது. இரண்டு குறுந்தகடுகளில் 33 பாடல்கள். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இருந்தது, பிந்தைய காலம் இருந்தது, விடுபட்டவை என்று குறைசொல்ல அதிகமில்லை. நன்றாகவே விற்றது, ஆனால் பத்துப் பாடல் தட்டின் பக்கத்தில்கூட வரவில்லை.