பதினொன்றாம் வகுப்பு பள்ளிக்கூடமா, கல்லூரியா?

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஆபீஸில் மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டெக்சாஸிலிருந்து அக்கா போன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அங்கே நடுராத்திரி வேறு. ஏதோ விவகாரம் என்று புரிந்துவிட்டது.

"டேய், இவனுக்கு இங்கிலீஷ்ல 'சி' கிரேடு போட்டுட்டாங்கடா."

"போனாப் போகுது விடு. ஸ்கூல் மார்க்குதானே?"

"ஸ்கூல் மார்க் இல்லடா, காலேஜ் மார்க்!"

பையன் படிப்பதோ பதினொன்றாம் வகுப்பு. காலேஜ் மார்க் எங்கிருந்து வந்தது? அரை மணி நேரம் விளக்கினாள். மீட்டிங் போயே போச்சு.

விஷயம் இதுதான். பள்ளியில் இருக்கும்போதே பக்கத்து இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றின் பாடத்தை ஆன்லைனில் எடுத்திருக்கிறான். அதே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். டூயல் கிரெடிட் என்று பெயர். நம்ம பாஷையில் சொன்னால் ஒரே படிப்பு, இரண்டு மார்க் ஷீட். நல்லா எழுதினால் இரட்டை லாபம். சொதப்பினால்? அதுவும் இரட்டைதான். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்த 'சி' கூடவே வரும்.

இதை நான் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இங்கே புனேயில் என் பெண்ணும் பதினொன்று முடிக்கப் போகிறாள். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பட்டப்படிப்புக்கான தகுதித் தேர்வை இப்போதே எழுதுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தங்கமணி கூடவே கூடாது என்கிறார். நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் போனுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து இதன் பூர்வோத்திரத்தைப் படித்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தாத்தா 1950-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் கல்லூரியில் இன்டர், அப்புறம் இரண்டு வருடம் பி.ஏ. அப்பா காலத்தில் அது மாறிவிட்டது. பதினோரு வருடப் பள்ளி, எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. அவர் 1974-ல் பி.யூ.சி. சேர்ந்ததை இன்றைக்கும் "நான் காலேஜ் போன வருஷம்" என்றுதான் சொல்வார். 1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. நான் 2000-ல் பிளஸ் டூ எழுதியபோது அரை டிராயரிலிருந்து முழு பேன்ட்டுக்கு மாறியிருந்தேனே தவிர, இருந்தது அதே பள்ளிக்கூடம், அதே பிரம்பு. என் பெண்ணோ மகாராஷ்டிராவில் பத்தாவது முடித்ததும் 'ஜூனியர் காலேஜ்' போய்விட்டாள். யூனிஃபார்மைக் கழற்றிய அன்றைக்கே தோரணை மாறிவிட்டது!

ஆக, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கும் சுவரை எங்கள் குடும்பத்திலேயே நாலு தலைமுறை நாலு விதமாகப் பார்த்துவிட்டது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பார்த்துக் கட்டியது இல்லை. அவ்வப்போது அரசாங்கம் கட்டியது, இடித்தது, நகர்த்தியது.

தாத்தா படித்த அதே கல்லூரியில் 1904-ல் ஒரு பதினாறு வயதுப் பையன் எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையோடு சேர்ந்தார். பள்ளியில் இருக்கும்போதே கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் போகவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ஆமாம், சீனிவாச ராமானுஜன்தான். தானாகப் படித்த கல்லூரிக் கணக்குக்கு கிரெடிட் கொடுக்க ஆளில்லை. ஆனால் விட்ட மார்க்கை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டார்கள்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே இந்தச் சுவரில் முதலில் கதவு வைத்தவர்களில் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் ஒன்று. 1955-ல் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் ஏ.பி. தேர்வுகளும் வந்தன. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏ.பி.யில் கடைசியில் எழுதும் ஒரு பரீட்சைதான் கிரெடிட்டைத் தீர்மானிக்கும். டூயல் கிரெடிட்டில் செமஸ்டர் முழுக்க எழுதியது எல்லாமே கணக்கு.

1972-ல் சிராகியூஸ் நகரத்துப் பள்ளி அதிகாரிகள் அங்குள்ள பல்கலைக்கழகத்திடம் போய், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேவையான பாடத்தையெல்லாம் முடித்துவிட்டுச் சும்மா பொழுதைக் கழிக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். பள்ளி ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்து, பல்கலைக்கழகப் பாடத்தைப் பள்ளியில் நடத்தும் திட்டம் அப்படிப் பிறந்தது. அதுவரை இதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. 1974-ல் நியூயார்க் லகார்டியா கம்யூனிட்டி கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளுக்காக! கல்லூரியைக் கிட்ட காட்டினால் பயம் போகும் என்ற எண்ணம்.

பணத்தையும் சேர்த்து யோசித்தது மினசோட்டா மாநிலம். 1985-ல் ஆளுநர் ரூடி பெர்பிச் காலத்தில் வந்த சட்டப்படி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்கே போய்ப் படிக்கலாம், செலவு மாநிலத்துடையது. அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் ஏற ஏற, மற்ற இடங்களிலும் பெற்றோர் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். நாலு வருடக் கட்டணத்தில் ஒரு வருடம் மிச்சம் என்றால் யாருக்குக் கசக்கும்?

மிச்சமிருந்தது தூரம். பக்கத்தில் கல்லூரியே இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்? தபால்வழிக் கல்வி அங்கே பழசுதான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929-லேயே உயர்நிலைப் பள்ளிப் பாடத்தைத் தபாலில் அனுப்பியது. இணையம் வந்ததும் 1997-ல் ஃப்ளோரிடா மாநிலம் ஆன்லைன் பள்ளியே தொடங்கிவிட்டது. 2011-ல் டெக்சாஸ் சட்டமன்றம் ஏற்படுத்திய ஆன்ராம்ப்ஸ் என்ற திட்டத்தில், பள்ளி ஆசிரியர் வகுப்பில் ஒரு மதிப்பெண் கொடுப்பார், பல்கலைக்கழகம் தூரத்திலிருந்து இன்னொன்று கொடுக்கும். பல்கலைக்கழக மதிப்பெண் பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று மாணவன் சொல்லிவிடலாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2015-ல், முதலில் படி, பாஸானால் பணம் கட்டி கிரெடிட் வாங்கிக்கொள் என்றது. 2022-23-ல் அமெரிக்காவில் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

அக்கா பையன் மாட்டிக்கொண்டது எப்படி? கட்டுரைக்கெல்லாம் கெடு ஞாயிறு இரவு 11:59. வகுப்பும் இல்லை, மணியும் இல்லை. ஞாபகப்படுத்த வாத்தியாரும் இல்லை. மூன்று கெடு தவறியிருக்கிறது. அக்கா பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டால், உங்கள் மகனிடமே பேசிக்கொள்கிறேன் என்று பணிவாகப் பதில். 1974-ல் வந்த மத்திய சட்டப்படி, கல்லூரியில் கால் வைத்துவிட்டால் அந்தப் பதிவேட்டின் மீதான உரிமை வயது என்னவானாலும் மாணவனுக்குப் போய்விடுகிறது. பெற்றோர் வாசலோடு சரி. பதினாறு வயதில் கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே போனவன் பெரியவனாகவே நடத்தப்பட்டான். அக்காவுக்கு உறைத்தது 'சி' இல்லை, அதுதான் என்று நினைக்கிறேன்.

கிரெடிட்டும் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் ஒன்றின் அடிப்படைப் பாடத்தை இன்னொன்று ஏற்கவேண்டும் என்று விதி உண்டு. தனியார் பல்கலைக்கழகமோ வெளி மாநிலமோ அப்படி ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. கொடுப்பவன் கிரெடிட் என்பான். வாங்குபவன் தலையாட்டினால்தான் அது செல்லும். ஊர்ச் சந்தையில் கிழிந்த நோட்டை நீட்டுகிற மாதிரி.

நம் நாட்டில்? டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல் தபால்வழிக் கல்வி தொடங்கியது, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல். இரண்டும் வேலைக்குப் போனவர்களுக்கும் கல்லூரி கிடைக்காதவர்களுக்கும் உதவியவை. என் அப்பாவே அப்படித்தான் வேலையில் இருந்துகொண்டு பி.ஏ. முடித்தார். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. பதினொன்று முடித்தவர்கள் தகுதித் தேர்வை எழுதலாம். நாலு வாரப் பாடம் வீட்டிலிருந்து, பரீட்சை மட்டும் நேரில் மையத்துக்குப் போய். தேறினாலும் பன்னிரண்டு முடித்த பிறகுதான் சேரமுடியும். அதாவது இது டூயல் கிரெடிட் இல்லை. சுவரில் கதவு வைக்கவில்லை, ஜன்னல் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்த ஜன்னல் போதும் என்று பட்டது. தேறினால் சந்தோஷம், தேறாவிட்டால் பட்டத்தின் மார்க் ஷீட்டில் தழும்பு விழாது. தங்கமணியிடம் இதைச் சொன்னேன். "பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிடணும், ராத்திரி பத்து மணிக்கு மேல கம்ப்யூட்டர் கிடையாது" என்று இரண்டு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பெண்ணிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கெடு தேதியையெல்லாம் அவளே எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும், நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

ஒட்டியிருக்கிறாள். நானும் வாயைத் திறக்கவில்லை. தினமும் ஆபீஸ் கிளம்பும்போது அந்தக் காகிதத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அது அவளுக்குத் தெரியவேண்டாம்.