மேகமலை அடிவாரத்தில் ஆண்டுப் பிறப்பு

சித்திரைத் திங்கள் முதல் நாள் விடியற்பொழுதில் மேகமலையின் உச்சியில் முகில் கலையாமல் படிந்திருக்கும். அம்மலைத் தொடரில் ஊறி வரும் நீரே சுருளி அருவியாக வீழ்கின்றது. அங்கு நீராடித் திருநீறு அணிந்து ஒரு கூட்டம் நிற்கும். சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் சந்நிதியில் மற்றொரு கூட்டம் நிற்கும். இப்பெருமான் உயர்ந்தோர்க்கு உயர்ந்தும், குறுகியோர்க்குத் தாழ்ந்தும், அவரவர் அளவுக்கு அளவாய்த் தோன்றி அருள்பவர் என்பது இத்தலத்தில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அன்று சிவாலயங்களில் புதிய பஞ்சாங்கம் இறைவன் திருமுன்பு வைத்துப் பூசிக்கப்பெற்று, அடியார் கேட்க வாசிக்கப்படும்.

இந்த நாள்தான் ஆண்டுப் பிறப்பா என்னும் வினா நம் காலத்தில் எழுந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2008ஆம் ஆண்டில் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு எனச் சட்டம் இயற்றியது. 2011ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இரு திறத்தாரும் வரலாற்றைச் சான்றுக்கு அழைத்தனர். அறுபதாண்டுப் பெயர்கள் வடமொழிப் பெயர்கள். அவற்றின் பிறப்பைக் கூறும் நாரதர் கதை அறிவுக்கு ஒவ்வாதது என்றனர் ஒருசாரார். அதில் உண்மை இல்லாமலில்லை. அக்கதை நம் திருமுறைகளுக்கு உரியதன்று. ஆயினும் ஒரு நாளின் பழமை வேறு, அந்நாளைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டதனால் வாதம் வளர்ந்ததே ஒழியத் தெளிவு பிறக்கவில்லை.

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் சித்திரை விசு, ஐப்பசி விசு என்னும் இரு நாட்களும் குறிக்கப்பெறுகின்றன. அந்நாட்களில் திருமஞ்சனத்துக்கும் அமுதுபடிக்கும் நிலமும் பொன்னும் நிவந்தமாக விடப்பட்டன. ஆகவே சித்திரை விசு திருக்கோயில்களில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே சிறப்பு நாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காலத்து மக்கள் ஆண்டை எண்ணியது வேறு வகையில். இச்சின்னமனூரிலேயே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளுள் பெரியது, 10ஆம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்டது. பாண்டிய மன்னர் மதுராபுரியில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் அரிய ஆவணம் அது. அதில் காலம் மன்னனின் ஆட்சியாண்டாலேயே குறிக்கப்படுகின்றது. அரசன் முடிசூடிய நாளே அவர்கட்கு ஆண்டுத் தொடக்கம் போலும்! சகாப்தமும் அறுபதாண்டுப் பெயரும் சேர்த்து எழுதும் வழக்கம், பின்னர் விசயநகர வேந்தர், நாயக்கர் காலங்களில் பெரிதும் பரவியது.

விசு என்பது பகலும் இரவும் ஒத்த நாள். ஏறத்தாழ கி.பி. 285ஆம் ஆண்டளவில், ஞாயிறு மேடத்துள் புகும் நாளும் இரவுபகல் ஒத்த நாளும் ஒன்றாயிருந்தன என்று இந்நாளைய கணிதர் கொள்வர். வானத்து நிலையின் நுண்ணிய நகர்ச்சியால், எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் என்னும் அளவில் அவை பிரிந்தன. இன்று ஒத்த நாள் மார்ச் 20 அல்லது 21; சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. இடையே இருபத்து நான்கு நாட்கள். இதனை மறைப்பதால் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. ஒத்த நாள் நகர்ந்துவிட்டது. பெயரும் வழிபாடும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

இனி இப்பள்ளத்தாக்கின் ஊர்களையும் தெருக்களையும் நோக்குவோம். கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ் பேசுவோரோடு கன்னடம் பேசும் குடிகளும், தெலுங்கு பேசும் குடிகளும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மலை ஏறினால் குமுளி. அங்கே மலையாள நாடு. எடுத்துக்காட்டாக 2023ஆம் ஆண்டைக் கொள்வோம். அவ்வாண்டு பங்குனி 8, அதாவது மார்ச் 22 புதன்கிழமை, யுகாதி. சந்திரனைக் கொண்டு மாதம் கணிக்கும் குடும்பங்களில் அன்றே சோபகிருது ஆண்டு பிறந்துவிட்டது. வாயிலில் மாவிலை கட்டி, வேப்பம்பூவும் வெல்லமும் புளியும் மாங்காயும் கூட்டிய பச்சடியை முதலில் உண்டனர். அடுத்த தெருவில் அதே சோபகிருது ஏப்ரல் 14 வெள்ளிக்கிழமை பிறந்தது. அங்கும் வேப்பம்பூப் பச்சடியே! நாள்தான் இருபத்து மூன்று தள்ளிப் போயிற்று, பச்சடி மாறவில்லை.

குமுளியிலோ மறுநாள், ஏப்ரல் 15, விசுக்கனி கண்டனர். இதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு அவ்வாண்டு மேடத்துள் புகுந்தது ஏப்ரல் 14 பிற்பகலில். ஞாயிறு மறைவதற்குள் சங்கிராந்தி நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது நம் வழக்கு. மலையாள நாட்டினர் சங்கிராந்தி நேர்ந்தபின் வரும் விடியலில் கனி காண்பர். ஆதலின் மறுநாள் ஆயிற்று. இன்னும் ஒன்று. விசுவன்று அவர்களுடைய கொல்லம் ஆண்டின் எண் மாறுவதில்லை, கி.பி. 825இல் தொடங்கிய அவ்வாண்டு, நம் ஆவணியாகிய சிங்க மாதத்தில்தான் மாறும். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர் இவ்விரு நாட்களையும் நன்கு அறிவர். முதல் நாள் தம் வீட்டில் கனி. மறுநாள் தோட்டத்தில் கைநீட்டமாக நாணயம் பெறுவாரும் உண்டு.

உழவர் வாழும் தெருக்களில் சித்திரைக்கு உரிய சடங்கு பொன்னேர் பூட்டுதல். முதல் நாளிலோ, அம்மாதத்து நல்லதொரு நாளிலோ, ஏர்களுக்கு மஞ்சளும் பூவும் சூட்டிக் கிழக்கு நோக்கி உழுது, விதை தூவுவர். மாடும் கலப்பையும் அருகிய பின்னர் டிராக்டருக்குச் சந்தனம் இட்டு அச்சடங்கை நிறைவேற்றுகின்றனர். பச்சைக் கூமாச்சி என முன்னாளில் வழங்கிய மேகமலையின் மேலே, தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு ஏர் இல்லை. கொழுந்து பறிப்பே உழவு. அவர்களிலும் அன்று மலையிறங்கிச் சின்னமனூருக்கு வழிபட வருவார் உளர்.

தை முதல் நாளும் இப்பள்ளத்தாக்குக்கு எளிய நாளன்று. 1895ஆம் ஆண்டு அக்டோபரில் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்த வழியே இப்பக்கம் திரும்பிற்று. அவ்வணையை எழுப்பிய பென்னிகுவிக் பிறந்த நாள் சனவரி 15. ஆதலின் இங்குள்ளார் அவருக்கும் பொங்கல் வைக்கின்றனர். கம்பத்தில் கன்னடம் பேசும் குடிகள் பேணிவரும் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று திரள்வோர் பலர். தையைத் தாழ்த்திச் சித்திரையை உயர்த்தவோ, சித்திரையைத் தாழ்த்தித் தையை உயர்த்தவோ இவ்வூர் மக்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இப்போது கோயிலில் வாசிக்கப்பெறும் பஞ்சாங்கத்துக்குத் திரும்புவோம். ஆண்டுக்கு அரசன், மந்திரி, சேனாதிபதி, மேகாதிபதி எனக் கோள்களை நியமித்துப் பலன் கூறுவர் அல்லவா? அந்த நியமனம் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. யுகாதி எந்தக் கிழமையில் வருகின்றதோ அக்கிழமைக்கு உரியவனே அரசன். ஞாயிறு மேடத்துள் புகும் கிழமைக்கு உரியவன் மந்திரி. சோபகிருது ஆண்டில் யுகாதி புதன்கிழமை; ஆகவே புதன் அரசன். சங்கிராந்தி வெள்ளிக்கிழமை; ஆகவே சுக்கிரன் மந்திரி. தமிழ்த் தெருவுக்கு உரிய சித்திரை முதல் நாளில், சிவபெருமான் சந்நிதியில் நாம் அமர்ந்து கேட்கும் ஏட்டில், அரசனைத் தந்தது அண்டைத் தெருவின் யுகாதி. மந்திரியைத் தந்தது நம் சித்திரை. இரண்டையும் ஒரே அவையில் அமர்த்திய பழைய கணிதரின் பரந்த நெஞ்சு, சட்டம் இயற்றி நாளை மாற்றியவர்க்கும், அதனை நீக்கி வெற்றி பாடியவர்க்கும் வாய்க்கவில்லையே என்று நாம் வருந்துகின்றோம்.

மேகாதிபதி யார் என்பது இவ்விரு நாட்களையும் சார்ந்ததன்று. ஞாயிறு திருவாதிரை நாண்மீனில் புகும் கிழமையே மேகாதிபதியைத் தருவது. திருவாதிரை ஆதிரையானாகிய நம் பெருமானுக்கு உரிய நாண்மீன் அன்றோ! அந்நாள் ஆனி மாதத்தில், ஜூன் 22ஆம் நாளை ஒட்டி வரும். தென்மேற்குப் பருவக்காற்று மேகமலையை மூடும் காலம் அது. மழை உரிய காலத்தில் பெய்து பெரியாற்று அணையில் நீர் இருந்தால், ஜூன் முதல் நாளில் மதகு திறந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதற்போகத் தண்ணீர் விடுவது வழக்கம். நடவு செய்பவருக்கு ஆண்டு பிறப்பது அன்றுதான் என்றாலும் பிழையில்லை.

ஆயினும் பஞ்சாங்கத்தின் மழைப் பலனை அப்படியே நம்பிவிடுவதும் கூடாது. 2023 ஜூன் 22 வியாழக்கிழமை, மேகாதிபதி குரு. நற்கோளாகிய குரு மேகாதிபதியாயிருந்தும், அவ்வாண்டு பெரியாற்று நீர்ப்பிடிப்பு உள்ள கேரளத்தில் பருவமழை இயல்பினும் மிகக் குறைவாகவே பெய்தது. கணிதம் கிழமையைத் தவறாமல் சொல்லும், மேகத்துக்குக் கட்டளையிடாது.

இவையெல்லாம் அறிந்தவர்தாம் நம் உழவர். எனினும் வாசிப்பு நாளில் நாம் கண்டது ஒன்று உண்டு. அரசன் பலன், மந்திரி பலன் சொல்லும்போது மண்டபத்தில் பிள்ளைகளின் ஆரவாரமும் பெரியோரின் பேச்சும் ஓயாது. மேகாதிபதி என்ற சொல் வந்ததும் பேச்சு அடங்கும்; தூணருகே சாய்ந்திருந்த முதியோர் நிமிர்ந்து அமர்வர். அதன்பின் நட்சத்திரங்களுக்குக் கந்தாய பலன் படிப்பார்கள். பிறகு பானகமும் நீர்மோரும் வழங்கப்பெறும்.