வெருகு முதல் வீட்டுப்பூனை வரை: ஐதராபாத்தை முன்வைத்துப் பூனைக் காப்பின் வரலாறு

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் விலங்குகளுள் பூனைக்குரிய வரலாறு மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. ஆநிரைக்கும் யானைக்கும் குதிரைக்கும் தனி நூல்கள் உள்ளன. நாயைப் பற்றி நடுகற்களும் பேசுகின்றன. பூனையோ பழமொழியிலும் கதையிலும் நிறைந்திருந்தும் மருத்துவ வரலாற்றிலும் சட்ட வரலாற்றிலும் ஓரமாகவே நிற்கிறது. இந்நிலைக்குரிய காரணங்களை ஆராய்வதும், ஐதராபாத் நகரை முன்வைத்துப் பூனைக் காப்பு வளர்ந்த படிநிலைகளைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் பூனை

தொல்காப்பிய மரபியல், கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குட்டி என்பதைக் கூறுகிறது. பறழ் என வழங்கினும் குற்றமில்லை என்றும் அமைதி கூறுகிறது. வெருகினைப் பூசை என வழங்கும் மரபையும் அவ்வியலே சுட்டுகிறது. மலையாளத்தின் பூச்ச என்னும் சொல்லும் கன்னடத்தின் பெக்கு என்னும் சொல்லும் முறையே பூசை, வெருகு ஆகியவற்றோடு உறவுடையன. ஐதராபாத்தின் தெலுங்கு வழக்கில் பூனை பில்லி எனப்படும். உருது வழக்கிலும் அதன் பெயர் பில்லி என்றே ஒலிப்பது எண்ணத்தக்கது.

சங்க இலக்கியத்தில் வரும் வெருகு இல்லத்தின் உறவன்று, இல்லத்தின் பகை. குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரம் வரும் வெருகுக் கூட்டத்தைக் கண்டு அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் மனைக்கோழியைக் காட்டுகிறார். அதே நூலின் 107ஆம் பாடலில், விடியலை அறிவித்த சேவல் வெருகின் குட்டிக்கு இரையாகுமாறு தலைவி சபிக்கிறாள். புறநானூற்று 326ஆம் பாடலில், வெருகுக்கு அஞ்சிக் கதறும் பேடைக்கோழி, பருத்தி நூற்கும் பெண் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அச்சம் நீங்குகிறது. இம்மூன்று சான்றுகளிலும் வெருகு கோழிக்குப் பகையாகவே வருகிறது.

பிற்கால வழக்கில் இந்நிலை மாறுகிறது. நிகண்டு வழக்கில் பூனைக்கு இற்புலி என்னும் பெயர் உண்டு. வேலிக்கு வெளியே நின்ற விலங்கு இல்லுக்குரிய புலியாகிவிட்ட மாற்றத்தை இப்பெயர் உணர்த்துகிறது. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்க முனைந்த பூசையோடு தம்மை ஒப்பிடுகிறார். மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனை நிற்கிறது. தென்கலை வைணவம், குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விச் செல்வதை இறைவனின் தானே வந்தருளும் அருளுக்கு உவமையாக்கி மார்ச்சார நியாயம் என வழங்கிற்று. இவற்றால் பூனையின் தாய்மை, பசி, போலித்தவம் ஆகியவை நன்கு நோக்கப்பட்டமை புலனாகிறது. எனினும் நோயுற்ற பூனைக்கு என் செய்வது என்னும் வினா இவற்றில் எழவில்லை.

எலியும் கொள்ளைநோயும்

பூனையின் மதிப்பு நெடுங்காலம் எலியைச் சார்ந்தே அமைந்தது. தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே போற்றும் தெனாலிராமன் கதையொன்றில், எலித்தொல்லையை ஒழிக்க அரசன் வீடுதோறும் பூனையும் அதற்குப் பால் தரப் பசுவும் வழங்குகிறான். இராமனின் பூனையோ சுடுபாலில் வாய் வெந்தமையால் பாலைக் கண்டாலே ஓடுகிறது. இது வரலாறன்று, கதை. ஆயினும் பூனை வளர்ப்பு அரசின் பொறுப்பாகலாம் என்னும் எண்ணம் இக்கதையில் உள்ளது.

அவ்வெண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்யாகவே எழுந்தது. 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் அடுத்த சில பதிற்றாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை 1898இல் பால் லூயி சிமோன் கண்டறிந்தார். அதன்பின், பேரார்ப் பகுதியின் அமராவதியில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த புக்கானன், பூனைகள் மிகுந்த ஊர்களில் கொள்ளைநோய் குறைவாக இருப்பதாகக் கருதி, 1908 அளவில் பூனை வளர்ப்பை நோய்த்தடுப்பு முறையாகப் பரிந்துரைத்தார். பேரார் அப்போது நிசாமின் இறைமைக்கு உட்பட்டதாகவே கொள்ளப்பட்டது. 1902 உடன்படிக்கையால் ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு ஆங்கில அரசிடம் நிலையாக விடப்பட்டிருந்தது.

ஐதராபாத் நகருக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1591இல் எழுந்த சார்மினார் ஒரு கொள்ளைநோய் நீங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டது என்பது மக்கள் வழக்கு. 1908 செப்டம்பரில் மூசி ஆற்றின் வெள்ளமும் 1911இல் கொள்ளைநோயும் நகரைத் தாக்கியதன் தொடர்ச்சியாக 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. நெருங்கிய குடியிருப்புகளை அகற்றுதல், சாலை அகலப்படுத்துதல், கழிவுநீர் வடித்தல் ஆகியவை எலிகளின் வாழிடத்தையே குறைத்தன. பூனையால் இயலாததை நகரமைப்பு செய்தது எனலாம்.

புக்கானன் கருத்தில் ஒரு குறை உண்டு. பூனையும் கொள்ளைநோய்க்கு ஆளாகும் விலங்கே. நோயுற்ற எலியை உண்ட பூனை தானும் நோயுற்று, வளர்ப்பவருக்கும் அதைத் தொற்றச் செய்யலாம் என்பது இன்று நன்கறியப்பட்ட உண்மை. பூனையைக் கருவியாகக் கண்டவர்கள் அதனை நோயாளியாகக் காணவில்லை. பூனைக் காப்பின் இரண்டாம் படிநிலையின் எல்லை இதுவே.

சமயமும் சட்டமும்

ஐதராபாத்தின் பழைய நகரில் பூனை தடையின்றி வீட்டினுள் உலவுவதற்கு இசுலாமிய மரபும் ஒரு காரணமாகும். பூனை தீண்டிய நீர் தூய்மை கெடுவதில்லை என்பது நபிமொழி மரபு. பூனையை அடைத்துவைத்து உணவளியாது சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்னும் செய்தியும் அம்மரபில் உண்டு. நபித்தோழர் ஒருவர் அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்னும் பெயராலேயே அறியப்படுகிறார். அடைத்து வைப்பவர் உணவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் அறநெறி இங்குத் தெளிவாக உள்ளது.

இவ்வறநெறி இந்தியச் சட்டமாக வடிவுபெற்றதில் தமிழகத்தின் பங்கு பெரிது. கலாக்ஷேத்ராவை 1936இல் நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் விளைவாக 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் இயங்கியது. 2018இல் அதன் தலைமையகம் அரியானாவுக்கு மாற்றப்பட்டது. தன் பொறுப்பிலுள்ள விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளிக்கத் தவறுவதையும், பசியால் வாடுமாறு அதனைக் கைவிடுவதையும் இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு குற்றமாக்கியது. முதற்குற்றத்திற்கு அது விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அறம் பெரிது, தண்டம் சிறிது.

1959இல் சென்னையில் தோன்றிய இந்திய நீலச்சிலுவைச் சங்கத்தைப் போல ஐதராபாத்திலும் ஒரு நீலச்சிலுவைச் சங்கம் 1992இல் நிறுவப்பட்டது. இதனை நிறுவிய நடிகை அமலா அக்கினேனி கலாக்ஷேத்ராவில் நடனம் பயின்றவர் என்பது குறிக்கத்தக்கது. அடிபட்ட விலங்குகளுக்கு மருத்துவம், கருத்தடை அறுவை, தத்தளிப்பு ஆகியவற்றை இச்சங்கம் மேற்கொண்டது. 1946இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் நகரில் இருந்தது. ஆயினும் ‘கால்நடை’ என்னும் சொல்லே உணர்த்துவதுபோல, அக்காலக் கல்வியின் முதன்மை நோக்கம் மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் நலனே. 2001இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும் தம் தலைப்பிலேயே நாய்களுக்கு உரியவை எனக் குறிக்கப்பட்டிருந்தன.

பெயர் மறைத்த நோய்

பூனை இவ்வாறு விடுபட்டதன் விளைவு வெறிநோயில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் முதல் தடுப்பூசியை இட்டார். இந்தியாவில் 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவாலான தடுப்பூசி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் வழக்கிலிருந்தது. வயிற்றில் நாள்தோறும் இடப்பட்ட அவ்வூசி நரம்புப் பாதிப்பை உண்டாக்கும் இடருடையது. 2004இறுதியில் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. உயிரணு வளர்ப்பால் ஆக்கப்படும் தடுப்பூசி அதன் இடத்தைப் பெற்றது.

இம்மாற்றத்தில் ஐதராபாத்துக்குச் சிறப்பிடம் உண்டு. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 1982இல் இந்நகரில் நிறுவிய இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம், முதலில் மாடுகளின் கோமாரிநோய்த் தடுப்பூசிக்காகவே தோன்றியது. பின்னர் விலங்குகளுக்கு ரக்ஷாரேப், மனிதருக்கு அபய்ரேப் எனும் வெறிநோய்த் தடுப்பூசிகளையும் அது அளித்தது. இவற்றுள் பின்னது உதகமண்டலத்தில் உருவாக்கப்பட்டது. நாட்டின் தடுப்பூசித் தேவையில் பெரும்பங்கை நிறைவேற்றும் நகரிலும் பூனைகள் பல ஊசியின்றியே வளர்கின்றன.

இதற்கு மொழியும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழில் இந்நோய் வெறிநாய்க்கடி என்றும், ஈழத்தமிழில் விசர்நாய்க்கடி என்றும் வழங்குகிறது. நோயின் பெயரே நாயைச் சுட்டுவதால், பூனை கடித்தாலோ கீறினாலோ அந்நோய் நினைவுக்கு வருவதில்லை. உண்மையில் இந்நோய் பாலூட்டி எதற்கும் வரும்; நோயுற்ற பூனையின் உமிழ்நீர் நாயினுடையதைப் போன்றே கொடியது. குறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக அரிது. நோயுற்றோர் இறுதியில் கொண்டுசெல்லப்படும் நல்லகுண்டா காய்ச்சல் மருத்துவமனை அதற்கு மருந்தில்லாமையை அறிந்த இடம். ஆகவே கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது ஊசி இட்டுக்கொள்ள வேண்டும் என்னும் விதி பூனைக்கடிக்கும் பொருந்தும். பூனைக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, மருத்துவர் கூறும் இடைவெளியில் அதனைப் புதுப்பிப்பதே இருவர்க்கும் காப்பு.

பழக்கமும் அறிவியலும்

பூனை வளர்ப்பில் மரபாக வந்த நம்பிக்கைகள் சில அதன் உடல்நலத்துக்கு மாறானவை. முதலாவது, பால். கம்பர் காலம் முதல் தெனாலிராமன் கதை வரை பூனையும் பாலும் பிரியாதன. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே விளையும். மேலும் பூனை இறைச்சியின்றி நலம்பெற இயலாத விலங்கு. இறைச்சியிலுள்ள டாரின் என்னும் பொருள் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இலும், இதயத்தசை தளரும் என்பது 1987இலும் நிறுவப்பட்டன. அன்பால் இடப்படும் தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டுமே உண்ணும் பூனை மெல்லப் பார்வையிழக்கக்கூடும்.

இரண்டாவது, பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பது. 1987இல் நியூயார்க்கில் உயர்மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகள் பற்றிய ஆய்வில், மருத்துவம் பெற்றவற்றுள் 90 விழுக்காடு பிழைத்தன. எனினும் மார்புக் காயமும் தாடை, பல் முறிவும் பரவலாக இருந்தன. கச்சிபௌலி, மாதாப்பூர் பகுதிகளில் அடுக்ககங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் சாளரத்துக்கும் மாடத்துக்கும் வலையிடுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, மனிதருக்கோ நாய்க்கோ உரிய மருந்து பூனைக்கும் ஆகும் என்பது. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அதனைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவில் இல்லை. நாயின் உண்ணிக்குப் பூசப்படும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. லில்லி வகைப் பூக்களும் அதன் சிறுநீரகத்தை அழிக்கும். பான்லூக்கோபீனியா என்னும் குடல்நோய் குட்டிகளை விரைந்து கொல்வது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி இடப்படும் கூட்டுத் தடுப்பூசியே அதற்குக் காப்பு. கருத்தடை அறுவை தேவையற்ற ஈற்றைத் தடுப்பதோடு, ஆண்பூனை அலைந்து திரிந்து சண்டையிட்டுக் காயமுறுவதையும் குறைக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பூனைக் காப்பின் வரலாற்றை மூன்று படிநிலைகளாகக் கொள்ளலாம். சங்ககால வெருகு வேலிக்கு அப்பாலுள்ள பகை. இடைக்காலம் முதல் கொள்ளைநோய்க் காலம் வரை பூனை எலிக்கு எதிரான கருவி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது தனக்கென நோயும் உரிமையும் உடைய உயிராக ஏற்கப்பட்டது. இம்மூன்றாம் படிநிலை இன்னும் நிறைவுறவில்லை. சட்டமும் மருத்துவமனையும் தடுப்பூசியும் கைக்கெட்டும் தொலைவிலிருந்தும், நோயின் பெயரில் பூனை இல்லாமையால் அது காப்பின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

எனவே தமிழ்ப் பாடநூல்களும் நலவாழ்வு அறிவிப்புகளும் வெறிநாய்க்கடி என்பதற்கு மாற்றாக வெறிநோய் என்னும் சொல்லையே வழங்குதல் நன்று. சொல்லைத் திருத்துவது சிறு செயலாகத் தோன்றலாம். பூனை கீறிய குழந்தையை உரிய நேரத்தில் ஊசிக்கு அழைத்துச் செல்ல ஒரு தாய்க்கு அச்சொல் நினைவூட்டுமாயின், அதுவே மொழியாய்வின் பயன் எனலாம்.