‘நாகரிகமாக’ என்னும் சொல்

‘நாகரிகமாகப் பேசு’ என்று ஒருவன் கடிந்துரைக்கப்படும்போது, அவனது உடையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. அவன் வாய்ச்சொல்லில் இனிமையும் மதிப்பும் குன்றின என்பதே கருத்து. ‘நாகரிகமாக உடுத்தியிருக்கிறான்’ என்னும்போதோ, அதே வினையடை தையற்காரனின் கைத்திறனைப் புகழ்ந்துவிடுகிறது. ஒரு சொல் இவ்வாறு இருபொருள் தாங்கியதற்கு நெடிய வரலாறு உண்டு.

நகரம் என்பதன் அடியாகப் பிறந்த வடசொல் நாகரிகம்; நகரத்தானுக்குரிய பண்பு என்பது அதன் வேர்ப்பொருள். இலத்தீனிலும் நகரைக் குறிக்கும் ‘ஊர்ப்ஸ்’ என்பதினின்றே நயத்தக்க நடத்தையைச் சுட்டும் ‘ஊர்பானுஸ்’ தோன்றிற்று. நாட்டுப்புறத்தானுக்கு நன்னடத்தை வாராது என நகரத்தார் எங்கும் எண்ணினர் போலும்!

தமிழ்ச் சான்றோர் சொல்லை ஏற்றனரேயன்றி, அவ்வெண்ணத்தை ஏற்றிலர். நற்றிணையின் 355ஆம் பாட்டிலே ‘நாகரிகர்’ வருகின்றனர். அங்கே நகரமில்லை, வாழை மடலில் வீழும் அருவிநீரை மந்தி பருகும் மலைநாடே உள்ளது. அந்நாட்டுத் தலைவனை நோக்கித் தோழி, நண்பர் முன்னிருந்து கொடுத்தால் நஞ்சையும் உண்பவரே மிக்க நாகரிகர் என்கிறாள். திருவள்ளுவரும் 580ஆம் குறளில் இக்கருத்தையே அமைத்தார். அங்கு நாகரிகம் என்பது கண்ணோட்டம் என்று பரிமேலழகர் உரை கூறுகிறது. கண்ணோட்டமாவது, பழகியவர்மேல் கண்சென்றவழி உள்ளம் இரங்குதல். இன்று அச்சொல்லும் ‘பார்க்கும் கோணம்’ என்ற அளவில் சுருங்கிவிட்டது.

அக்குறள் நிற்கும் இடமும் நோக்கத்தக்கது. கண்ணோட்டம் 58ஆம் அதிகாரம், அரசியலைச் சேர்ந்தது. அதற்கு முன்னுள்ளது குடிகள் அஞ்சுவன செய்யாமை, பின்னுள்ளது ஒற்றாடல். அச்சுறுத்தவும் வேவு பார்க்கவும் வல்ல ஒருவனிடமே வள்ளுவர் நாகரிகத்தைக் கேட்கிறார். வலியற்றவன் பணிந்து பேசுதல் இயல்பு. தண்டிக்க வல்லவன் கனிந்து பேசுதலே அருமை.

பிற்காலத்தில், மேலைநாட்டார் மனிதகுல வளர்ச்சியைக் குறிக்க வழங்கிய சொல்லுக்கு ஈடாகவும் நாகரிகம் நின்றது. 1924இல் சேர் ஜோன் மார்ஷல் உலகுக்கு அறிவித்த ஹரப்பா, மொகஞ்சதாரோ நகரங்களின் செங்கற் சுவர்களும் கழிவுநீர் வாய்க்கால்களும் தமிழில் ‘சிந்துவெளி நாகரிகம்’ ஆயின. சொல் தன் பிறப்பிடமாகிய நகரத்துக்கே மீண்டதுபோலாயிற்று. புதுப்பாங்கான உடையும் வாழ்க்கையும் அதன் பொருளிற் புகுந்தன.

ஆயினும் பேசுதல், நடத்தல், மறுத்தல் முதலிய வினைகளோடு சேரும்போது, ‘நாகரிகமாக’ பழம்பொருளை விடவில்லை. அதன் எதிர்மறையிலே இது இன்னும் தெளிவு. பழஞ்சட்டை அணிந்து அலுவலகப் படியேறிய முதியவரை ‘அநாகரிகமாக வந்தார்’ என்பார் இலர். அவரை வாயிலில் நிறுத்தி ஏசியவனையே ‘அநாகரிகமாக நடந்துகொண்டான்’ என்பர்.