கங்காணியின் பேரேடு

மன்னாரில் இராத்தங்கிப் போனவர்களின் வரலாற்றை முத்து வியாபாரிகளிலிருந்தோ மடு யாத்திரிகர்களிலிருந்தோ தொடங்குவது வழக்கம். தோட்டத் தொழிலாளர்களிலிருந்து தொடங்கினால்தான் இடைத்தரகின் கணக்கு விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரக் கரையில் தோணியேறி, தலைமன்னாரிலும் அண்டைக் கரைகளிலும் இறங்கி, மாத்தளை நோக்கி நூறு மைலுக்கும் மேல் காட்டுவழியே நடந்தவர்கள் அவர்கள். வழியில் அரசு கொட்டகை போட்டது, கிணறு வெட்டியது. அப்படியும் வாந்திபேதி பலரைப் பாதையோரத்திலேயே கிடத்தியது. தோணிக் கூலி, வழிச்சோறு எல்லாவற்றையும் தோட்டத்துரை தந்த முன்பணத்திலிருந்து, ஆள்சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கொடுத்தார்; கொடுத்ததை ஆள்பேரில் பற்றெழுதிக்கொண்டார். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது நடந்தவருக்குத் தெரியாது, எழுதிய தொகைதான் கடன். வேறு தோட்டம் போக 'துண்டு' வேண்டும்: இன்ன கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு. புதிய துரை அதைத் தீர்ப்பார், தீர்த்த தொகை புதிய ஏட்டில் மறுபடி கடனாக ஏறும்.

கங்காணி இல்லாமல் அவர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருச்சிச் சீமையில் பஞ்சத்தில் கிடந்தவருக்குக் கண்டியும் தெரியாது, தோணிக்காரரையும் தெரியாது. சொந்த ஊர்க்காரரான கங்காணியின் வாய்ச்சொல்தான் பிணை. அந்த வேலைக்குக் கூலி உண்டு. கொடுப்பவர் கண்ணிலிருந்து அந்தக் கூலி மறைக்கப்பட்டதே குறை. 1904இல் தோட்டத்துரைமார் திருச்சியில் ஆட்சேர்ப்புக்கெனத் தங்கள் அலுவலகத்தையே திறந்தார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. கங்காணி அசையவில்லை. 1921இல் துண்டைச் சட்டம் தடைசெய்த பிறகுதான் அவர் பிடி தளரத் தொடங்கியது.

இன்று மன்னாரின் வங்காலையில் பறவை பார்க்க வருபவர் இணையத்தளத்தில் அறை பிடிக்கிறார். அவரைத் தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது அபத்தம். அவரை யாரும் கடனில் கட்டிவைப்பதில்லை. மறைவான கூலி மட்டும் அப்படியே இருக்கிறது. தளத்தின் தரகு வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து அளவில்: 20,000 ரூபா அறையில் 3,000 ரூபா, பற்றுச்சீட்டில் தெரியாமல், தீவைவிட்டே போகிறது. சமையல்கட்டில் நிற்பவரின் சம்பளத்துக்கோ காலையில் வாங்கும் மீனுக்கோ அது உதவியிருக்கும். நேரில் கேட்பவருக்கு விடுதிக்காரர் விலை குறைக்கலாமே என்றால், அதற்கும் ஒப்பந்தத்தில் பூட்டுப் போட்டிருந்தார்கள். விடுதிகள் தங்கள் சொந்தத் தளத்தில்கூட விலை குறைக்கக் கூடாதென்ற புக்கிங்.காம் நிபந்தனையை ஜேர்மனியின் போட்டி ஆணையம் 2015இல் தடைசெய்தது. நேரடியாகப் பணம் கட்டி ஏமாந்தால் யாரிடம் போவது என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. முன்பணத்தைச் சிறிதாக்கி ரசீது வாங்கினால் பெரும்பாலும் தீரும். தளத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் தொலைபேசியில் பேரம் பேசுவது அறமா என்பதுதான் கடினமான கேள்வி. முன்பின் தெரியாத விடுதியைக் காட்டிக் கொடுத்ததற்கு முதல் தடவை தரகு போகட்டும். பெயரும் எண்ணும் கையில் இருக்கும்போது, இரண்டாம் தடவையும் அதையே கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.