மட்டக்களப்பு வாவிப் பகுதி: இன, மதத் தீவிரவாத அமைப்புகள்

இலங்கையின் கிழக்கே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மட்டக்களப்பு வாவிக்கரையில் 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் தலைதூக்கிய இன, மதத் தீவிரவாதம் இருவகைப்பட்டது.

சிங்கள பௌத்தத் தேசியவாதம்: மட்டக்களப்பு மங்களராமய விகாராதிபதி அம்பிட்டிய சுமணரத்தின தேரர் இதன் உள்ளூர் முகம். 2016 நவம்பரில் அவர் தமிழ்க் கிராம சேவகர் ஒருவரை இனத்தைச் சுட்டி ஏசிய காணொளி பரவியது. கலகொட அத்தே ஞானசார தேரரைப் பொதுச் செயலாளராகக் கொண்டு 2012இல் தொடங்கிய சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனா மறுமாதம் மட்டக்களப்புக்குத் திரண்டு வந்தபோது, நீதிமன்ற உத்தரவின்படி காவல்துறை வழிமறித்தது. 2023இல் மயிலத்தமடுவில் தமிழ்க் கால்நடை வளர்ப்போருக்கும் சிங்கள விவசாயிகளுக்கும் இடையிலான மேய்ச்சல் தரைப் பிணக்கு முற்றியபோது, தெற்கில் வாழும் தமிழரை வெட்டுவோம் என்று சுமணரத்தின தேரர் மிரட்டியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

இஸ்லாமியத் தீவிரவாதம்: காத்தான்குடியில் சஹ்ரான் ஹாசிம் தொடங்கிய தேசிய தௌஹீத் ஜமாஅத், முதலில் சூஃபி மரபு முஸ்லிம்களையே எதிர்த்தது. 2017 மார்ச்சில் அம்மரபினருடன் ஏற்பட்ட மோதலுக்குப்பின் சஹ்ரான் தலைமறைவானார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சஹ்ரான் குழுவினர் நடத்திய தொடர் தற்கொலைத் தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானது. அங்கு இறந்தோருள் குழந்தைகள் பலர். தேசிய தௌஹீத் ஜமாஅத் அதே மாதம் தடைசெய்யப்பட்டது.