கரைசலில் வளர்ந்த பாலியெஸ்டர்

அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாலியெஸ்டர்கள் குறைந்த வெப்பத்திலேயே உருகியதால் துணிக்கு உதவவில்லை. 1941-இல் இங்கிலாந்தில் வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் பென்சீன் வளையம் கொண்ட டெரிஃப்தாலிக் அமிலத்தை எத்திலீன் கிளைக்காலுடன் இணைத்து, பின்னாளில் டெரிலின் என்று பரவிய இழையைக் கண்ட பிறகே அக்குறை நீங்கியது. ஆயினும் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் வளையம் அமைந்த முழு அரோமாட்டிக் பாலியெஸ்டர்களுக்கு டெரிலினுக்குப் பயன்பட்ட, மூலப்பொருள்களை உருக்கிச் சூட்டில் இணைக்கும் உருக்கு முறை எளிதில் பொருந்தவில்லை. கிளைக்காலுக்குப் பதில் இவற்றில் சேரும் ஃபீனால்கள் அமிலங்களோடு மந்தமாகவே வினைபுரிகின்றன, விளைபொருள்களிற் பலவும் உருகுவதற்கு முன்பே சிதைகின்றன.

இத்தடையை உடைத்தது, 1950-களில் டூபான்ட்டில் பால் மார்கன் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த, குறைந்த வெப்பநிலைக் குறுக்க வினையாகும். அதாவது, மூலக்கூறுகள் சிறு மூலக்கூறு ஒன்றை வெளியேற்றி இணையும் வினை. அமிலத்துக்குப் பதில் வீரியம் மிக்க அமிலக் குளோரைடை எடுத்து, இரு ஃபீனால் தொகுதிகள் கொண்ட பிஸ்ஃபீனால்-ஏ-யுடன் டைகுளோரோமீத்தேனில் கரைத்துப் பிரிடின் சேர்த்தால், வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிரிடின் உப்பாகப் பிடித்துக்கொள்ள, அறை வெப்பத்திலேயே சங்கிலி நீண்டு கரைசல் தேன்போலத் தடிக்கும். அதை மெத்தனாலில் ஊற்ற, பாலிமர் வெண்ணிறமாகப் படியும். இதில் அளவுத் துல்லியமே உயிர்நாடி: ஒரு வினைபொருள் நூற்றில் ஒரு பங்கு மிகுந்தாலும், சங்கிலியின் சராசரி நீளம் சுமார் 200 அலகுகளைத் தாண்டாது.